பாவாயி லாரி நின்ற நாற்பத்தொரு நாள்

கொன்னமரத்துப் பிரிவு என்ற ஊரில் பட்டறைத் தெரு என்று ஒன்று உண்டு, இரும்பை வெட்டவும் ஒட்டவும் தட்டி நிமிர்த்தவும் தெரிந்த தெரு, திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி வரைக்கும் எந்த லாரி எங்கே படுத்தாலும் கடைசியில் இங்கேதான் இழுத்துக்கொண்டு வருவார்கள் என்று நாங்கள் மார்தட்டிக்கொள்ளும் தெரு, அந்தத் தெருவின் நட்டநடுவில்தான் பாவாயியின் லாரி நாற்பத்தொரு நாள் கிளம்பாமல் நின்றது. இதைச் சொல்லும் நான் பொங்கியண்ணன், அந்த லாரிக்கு நேர் எதிரே டீக்கடை வைத்திருப்பவன். நடந்த அநியாயத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது, ஆகவே யாரையும் திட்டும் யோக்கியதை எனக்குக் கிடையாது, இருந்தாலும் திட்டத்தான் போகிறேன்.

பாவாயிக்கு நாற்பத்தெட்டு வயது, அவள் லாரிக்கு இருபத்தாறு. மூக்கு நீண்ட பழைய வண்டி. கட்டியவன் அவளையும் லாரியையும் ஒரே நாளில் விட்டுவிட்டுத் திருப்பூரில் வேறொருத்தியோடு குடித்தனம் போனபோது, லாரியை விற்றுவிட்டு ஆடு வாங்கி மேய்க்கச் சொல்லி ஊரே அவளுக்கு புத்தி சொன்னது. அவள் போய் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்தாள். கொல்லிமலை அடிவாரத்தில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி, ஜவ்வரிசி எடுக்கும் சேகோ மில்லுகளில் இறக்குவாள், வழியில் முறைத்துப் பார்க்கும் டிரைவர்களை ஹாரனால் திட்டுவாள், ஹாரன் போதாவிட்டால் வாயால் திட்டுவாள். அவளுக்கு அந்த வண்டியைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

லாரிகள் வருஷா வருஷம் எப்.சி. மைதானத்துக்குப் போய் அதிகாரி முன்னால் நின்று தகுதிச் சீட்டு வாங்கவேண்டும். எங்கள் தெருவில் அதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது, எப்.சி.க்குப் போகும் வண்டியில் பழைய நிறம் கடுகளவும் தெரியக்கூடாது. போல்ட்டின் தலை, நட்டின் இடுக்கு, அடியில் யாரும் குனிந்து பார்க்காத பட்டை, பிடி, கொக்கி எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனியாக பெயின்ட் அடித்துக் காயவைத்து மாட்டுவோம். மற்ற ஊரில் மேலாகப் பூசி அனுப்புவார்கள், நாங்கள் அப்படி இல்லை என்று அதிலும் ஒரு பெருமை. பாவாயி வண்டிக்கு சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தில் சிவப்பும் முகப்பில் மஞ்சளும் அடித்தார்கள்.

இந்த வருஷம் அவளுக்குக் கொடுத்த தேதி கார்த்திகைக் கடைசி வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணிக்குள். அன்றைக்கு வண்டி சொந்தச் சக்கரத்தில் ஓடிவந்து நிற்கவேண்டும், வராவிட்டால் இந்த வயசு வண்டிக்கு மறுதேதி கிடையாது, உடைக்கத்தான் கொடுக்கவேண்டும் என்று ஆபீசில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அதை அவள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். ஆகவே எங்களுக்குத் தெரியாது என்று எந்தப் பயலும் பின்னால் சொல்லமுடியாது.

பெயின்ட் காய்ந்த காலையில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, பாவாயி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டியில் ஒரு முனகல்கூட இல்லை. ஆனால் அவள் சாவியைத் திருப்பிப் பிடித்திருந்த அந்தப் பத்து விநாடியில் ஆடி மாதத்திலிருந்து பெல்ட் அறுந்து கிடந்த என் கடை கிரைண்டர் கடகடவென்று சுற்றியது, மாவு மில் சுப்பராயனின் கருகிப்போன மோட்டார் சுற்றியது, தையல் கடையில் துருப்பிடித்த மிஷினின் சக்கரம் சுற்றியது, பூட்டிக் கிடந்த ரேஷன் கடைக்குள் மின்விசிறி சுற்றியது, தெருக்கோடியில் காண்டிராக்டர் போட்டுவிட்டுப் போன கலவை மிஷின் உள்ளே இறுகிப்போன சிமென்ட்டோடு சுற்றியது. நின்றுபோன பொருள் எதெல்லாம் எங்கள் தெருவில் இருந்ததோ அதெல்லாம் சுற்றியது, சுற்றவேண்டிய ஒன்றைத் தவிர. நான் உள்ளே ஓடிப்போய் ஊறவைத்த உளுந்தை அள்ளி கிரைண்டரில் போட்டேன்.

மெக்கானிக் செங்கோடன் வந்தான். தொழிலில் யோக்கியமானவன், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பார்ப்பான். விளக்கைப் போடச் சொன்னான், பளிச்சென்று எரிந்தது. ஹாரனை அடிக்கச் சொன்னான், நாய்கள் ஓடின. பேட்டரியில் தண்ணீர் பார்த்தான், முனைகளில் பூத்திருந்த பச்சையை வெந்நீர் ஊற்றிக் கழுவி இறுக்கினான். சாவியை நம்பாமல் அதைத் தாண்டி ஒயர் கொடுத்துப் பார்த்தான். இன்ஜினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டரையே கழற்றிக் கீழே வைத்து நேராக கரண்ட் கொடுத்தான், கையிலிருந்து துள்ளிக் குதிக்கும் வேகத்தில் சுற்றியது. இன்ஜின் உள்ளே இறுகிவிட்டதோ என்று கடப்பாரையால் நெம்பினான், அது வெண்ணெயாகத் திரும்பியது. எல்லாவற்றையும் மாட்டி மறுபடி சாவியைத் திருப்பினால் வண்டி கம்மென்று கிடக்கிறது, என் கிரைண்டர் சுற்றுகிறது.

மறுநாள் எட்டுப் பேர் சேர்ந்து இறக்கத்தில் தள்ளினார்கள். பாவாயி இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டதும் கலவை மிஷின் உருண்டு சாக்கடையில் விழுந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து பழைய இடத்திலேயே நிறுத்தினோம்.

"எல்லாம் நல்லா இருக்குதுங்க்கா," என்றான் செங்கோடன் கையைத் துடைத்துக்கொண்டு. "எல்லாம் நல்லா இருந்தும் ஓடலைன்னா அது ஒயரிங்காரன் வேலைங்க்கா. அர்த்தநாரியக் கூப்புடுங்க."

எங்கள் தெருவுக்கு எலக்ட்ரீஷியன் அர்த்தநாரி ஒருவன்தான். அவன் வீட்டுப் பின்சுவரை ஒட்டித்தான் பாவாயி லாரி நின்றது. அவன் மனைவி சாந்தாமணி ஆறு வருஷமாகக் கட்டிலில் கிடந்தாள், ஒருநாள் காலையில் வலது பக்கம் முழுக்க நின்றுபோய், பேச்சும் போய், விழுந்தவள் விழுந்தவள்தான். நடமாடிய காலத்தில் அவள் புருஷன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவன் கழற்றிக் கொடுக்கும் ஒயர் முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மினுக்கித் தருவாள். அவன் சொல்வதற்குள் அவள் வண்டியின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவாள் என்று டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள் அர்த்தநாரி டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் ஊர்ந்து போனான். ஐந்து நிமிஷம் எதையோ சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அடியிலிருந்தே, "அக்கா, ஒருக்கா திருப்புங்க," என்றான். பாவாயி திருப்பினாள். உடனே அவன் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண்கள் போட்ட கூச்சல் கேட்டது.

"அர்த்தநாரி! உன்ற சம்சாரம் கையத் தூக்குறா! ஓடியா!"

ஓடினான். நாங்களும் ஓடினோம். நாங்கள் போவதற்குள் கை விழுந்துவிட்டது, ஆனால் அது தூக்கியபோது தலைக்குப் போய், சிக்கு விழுந்து கிடந்த கூந்தலுக்குள் விரலை விட்டதைப் பெண்கள் பார்த்திருந்தார்கள். அர்த்தநாரி அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து பாவாயி முன்னால் நின்றான். அவன் விரல் நகத்துக்குள் சிவப்பு பெயின்ட் ஒட்டியிருந்தது, நான் பார்த்தேன், பார்த்துவிட்டு டீ ஆற்றப் போய்விட்டேன்.

"இது பெரிய ரிப்பேருங்க்கா," என்றான். "உள்ளார ஒரு சாமான் போயிருச்சு. கோயமுத்தூர்ல சொல்லி வரவைக்கோணும். நாளாகும்."

"எத்தனை நாளு?"

"வந்துருமுங்க்கா."

அந்தச் சாமான் வரவே இல்லை. வராத சாமானுக்காக அவள் காத்திருக்க, எங்கள் தெரு அந்த அதிசயத்தை ஒரு வாரத்துக்குள் அன்றாடமாக்கிக்கொண்டது. ஸ்டார்ட்டரைப் பத்து எண்ணுவதற்குமேல் பிடித்தால் கருகிவிடும் என்பதால் பத்து எண்ணிக்கை என்று வைத்தோம், காலை ஆறு, பகல் பத்து, சாயங்காலம் நாலு என்று நேரம் வைத்தோம், அதை ஒரு தகரத்தில் எழுதி மாட்டினோம். சில பொருள்கள் அந்தப் பத்து விநாடியில் பிடித்துக்கொள்ளும், மில் மோட்டாரும் என் கிரைண்டரும் அப்படிப் பிடித்துக்கொண்டால் சாயங்காலம்வரை நிற்காது. சில பொருள்கள் சாவியை விட்டதும் நின்றுவிடும், சாந்தாமணியின் கை அந்த ரகம். பக்கத்துத் தெருக்காரர்கள் பழுதான பம்புசெட்டையும் சைக்கிளையும் கடிகாரத்தையும் தூக்கிக்கொண்டு வந்து பத்து மணிக்குக் காத்திருந்தார்கள். பகலெல்லாம் தூங்கும் ஒரு குடிகாரனை அவன் பெண்டாட்டி கட்டிலோடு கொண்டுவந்து போட்டாள், அவன் எழுந்து பத்து எட்டு நடந்து மறுபடி படுத்துக்கொண்டான். மூன்று வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு பாகப்பிரிவினையைக்கூட இரண்டு தரப்பும் பத்திரக் கட்டோடு வந்து நின்று தினம் ஒரு வரி நகர்த்திக்கொண்டு போனார்கள்.

வெயில் படாமலிருக்க நாலு பக்கமும் கீற்று மறைத்து லாரிக்குப் பந்தல் போட்டோம். பேட்டரி இறங்காமலிருக்க முறைவைத்து சார்ஜ் போட்டோம், எதற்குமே சேர்ந்து நிற்காத தெரு அதற்குச் சேர்ந்து நின்றது. நீண்ட மூக்குக்குக் கதம்பம் சாத்தினோம். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் இருந்த இடத்தில் செங்கல் வைத்தோம், வண்டி உருண்டுவிடக்கூடாதே, எல்லாம் பாவாயியக்காவின் நல்லதுக்குத்தான் என்றோம்.

பாவாயி முதலில் கெஞ்சினாள். அவள் கெஞ்சி நான் பார்த்தது அப்போதுதான். வேறு லாரியைக் கொண்டு சங்ககிரிக்கு இழுத்துப் போக ஆள் கேட்டாள். எல்லோருக்கும் அன்றைக்கென்று வேலை இருந்தது. பிறகு சங்ககிரியிலிருந்தே ஒரு எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி போன் பண்ணினாள். அவன் பையை மாட்டிக்கொண்டு பைக்கில் வந்து முதலில் என் கடையில்தான் நிறுத்தி வழி கேட்டான்.

"அந்த வண்டியா? நேத்தே சரியாயி லோடுக்குப் போயிருச்சுங்களே," என்றேன்.

பந்தல் மறைத்திருந்தது. அவன் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனான். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வாய் எதற்கு. என் கிரைண்டரில் அப்போது மூன்று படி உளுந்து ஓடிக்கொண்டிருந்தது.

இருபதாம் நாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. காலை ஆறு மணிக்கு சாவியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு பந்தலுக்கு முன்னால் நின்றாள்.

"யாருக்கும் கெடையாது! இது என்ற வண்டி. ஓடுனா ஊருக்கு, ஓடலைன்னா எனக்கு. உங்க மோட்டாரையும் கிரைண்டரையும் ஓட்டறதுக்கு எனக்கென்ன வேண்டுதலா?"

தெரு கூடிவிட்டது. சுப்பராயன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். நியாயம் பேசும்போது அவருக்குக் குரல் மிருதுவாகிவிடும், அவருடைய வண்டவாளம் தெரிந்தவர்களுக்கு அந்தக் குரலைக் கேட்டாலே வயிறு எரியும்.

"அம்மிணி, கோவப்படாத. இத்தனை குடும்பம் இதுல பொழைக்குது. உன்ற ஒருத்தி வண்டிக்காக ஒரு தெருவே நிக்கோணுமா? நீயே சொல்லு."

"என்ற ஒருத்தி வண்டி நின்னுதானுங்க உங்க தெரு ஓடுது? அதையும் நீங்களே சொல்லுங்க."

அப்போது அர்த்தநாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"அக்கா, மத்தவங்க கெடக்கறாங்க. சாந்தாமணிக்காகக் குடுங்க்கா. பத்து விநாடிங்க்கா. ஆறு வருஷத்துக்கு அப்புறம் அவ கையில சீப்பப் புடிக்கறா."

பாவாயி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவன் மடியில் போட்டாள். "அவளுக்காக," என்றாள், "உங்கள்ல ஒருத்தனுக்காகவும் இல்ல." பிறகு என் கடையில் வந்து உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடிக்காமல் ஆறவிட்டுப் போனாள். ஆறு மணிக்குத் திருப்பவேண்டிய சாவியை அன்றைக்கு ஏழு மணிக்குத் திருப்பினார்கள், என் மாவு கொஞ்சம் புளித்துவிட்டது என்று நான் வருத்தப்பட்டேன். அந்த அளவுக்கு இருந்தது என் மனசு.

அர்த்தநாரி தினமும் மூன்று வேளையும் சாந்தாமணியின் கையில் சீப்பைக் கொடுத்து முன்னால் உட்கார்ந்திருப்பான். முதல் சில நாள் அவள் நெற்றிக்கு மேலே இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டாள். அப்புறம் சீப்பை அவன் மேல் வீசத் தொடங்கினாள். கை இன்னும் பழகவில்லை, அதான் நழுவுகிறது என்று அவன் எல்லோரிடமும் சொன்னான். நழுவும் சீப்பு எப்படிச் சரியாக அவன் மூஞ்சியிலேயே போய் விழுகிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கு பாவாயி என் கடைக்கு வந்தாள். தலைக்குக் குளித்து, லாரி ஓட்டும்போது மேலே போட்டுக்கொள்ளும் காக்கிச் சட்டையைப் போட்டிருந்தாள்.

"பொங்கியண்ணா, இன்னைக்கு ஒரு மணி தாண்டுனா என்ற வண்டி இரும்புக்கடைக்குத்தான். போகட்டும். அது போறதுக்கு முந்தி சாந்தாமணி கையையாச்சும் ஒருக்கா கண்ணால பாத்துக்கறேன். எதுக்காகப் போச்சுன்னு தெரியோணுமில்ல? தனியாப் போகக் கால் வரலை, கூட வாங்க."

ஒரு தூக்குப் போசியில் டீயை ஊற்றிக்கொண்டு கூடப் போனேன். அதுநாள்வரை அவள் அந்த வீட்டுப் பக்கம் போனதில்லை, போனால் நன்றி சொல்வார்கள், அது தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அர்த்தநாரி வாசலை மறித்தான்.

"அவ தூங்கறாளுங்க்கா."

"பத்து மணிக்கு முழிப்பாளாமே. நவுரு."

சாந்தாமணி தூங்கவில்லை. கண்ணைக் கொட்டாமல் பாவாயியையே பார்த்தாள். பச்சை பெயின்ட் அடித்த இரும்புக் கட்டில், தலைமாட்டில் அர்த்தநாரியின் வேலைப்பை தொங்கியது. பாவாயி கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அர்த்தநாரி அவசர அவசரமாகச் சீப்பை எடுத்து மனைவியின் விரலுக்குள் திணித்தான். வெளியே பந்தலில் யாரோ பத்து மணி என்று கத்தினார்கள். அர்த்தநாரியிடமிருந்து சாவியை வாங்கி வைத்திருந்த சுப்பராயன் அதைத் திருப்பினார்.

கை எழுந்தது. எழுந்த கை சீப்பைத் தரையில் போட்டுவிட்டு, தலைமாட்டுப் பைக்குள் நுழைந்து துழாவி ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்தது. அதைக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தது. ஒரு தேய்ப்பு, இரண்டு தேய்ப்பு, மூன்று, நான்கு, பச்சை பெயின்ட் தூளாகப் பறந்து உள்ளிருந்து வெள்ளை இரும்பு பளபளத்தது. அர்த்தநாரி அந்தக் கையைப் பிடிக்கப் பாய்ந்தான், பாவாயி ஒற்றைக் கையால் அவனைச் சுவரோடு தள்ளினாள். கை உப்புத்தாளை அவள் மடியில் போட்டுவிட்டு விழுந்தது. வெளியே சுப்பராயன் சாவியை விட்டிருந்தார்.

பாவாயி பளபளத்த அந்த இரண்டு விரற்கடை இரும்பைப் பார்த்தாள். பிறகு அர்த்தநாரியின் முகத்தைப் பார்த்தாள். லாரிக்காரிக்கு அதற்குமேல் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் திரும்பிப் போக வழி வேண்டும், அதற்காக இன்ஜினையும் சேஸிஸையும் சேர்த்து ஒரு செம்புப் பட்டை முடுக்கியிருப்பார்கள், அதைக் கழற்றி, அடியிலும் மேலும் அழகாகச் சிவப்பு பெயின்ட் அடித்து, பெயின்ட்டின்மேலேயே மறுபடி முடுக்கியிருந்தது எங்கள் பெருமை பிடித்த தெரு. செம்பு இரும்பைத் தொடவில்லை. விளக்கும் ஹாரனும் வேறு வழியில் பிழைத்துக்கொண்டன, ஸ்டார்ட்டருக்குப் போகும் வழி அடைந்துபோனது. நாற்பத்தொரு நாளும் கோளாறு அவ்வளவுதான், உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற வேலை.

"மூணாம் நாளே தெரியுமாடா உனக்கு?"

அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டான்.

"கேட்டிருக்கலாமேடா! பாவி, உன்ற பொண்டாட்டிக்கு ஆகோணும், இப்படிக் கெடக்கட்டும் வண்டின்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே தெனமும் வந்து திருப்பியிருப்பேன். நான் குடுக்க இருந்தத நீ எதுக்குடா திருடுன?"

அவள் நடந்து போன வேகத்தில் தெரு இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. செங்கற்களைக் காலால் எற்றினாள். கதம்பத்தை அறுத்து எறிந்தாள். ஸ்பானரும் உப்புத்தாளுமாக வண்டிக்கடியில் மல்லாந்து போனாள். சுப்பராயன் குனிந்து அடியில் பார்த்து அதே மிருதுவான குரலில், "அம்மிணி, பத்து நாள் டைம் குடு, மோட்டாருக்கு ஒரு ஏற்பாடு பண்ணிக்கறேன்," என்றார். அடியிலிருந்து வந்த பதிலை எழுதமுடியாது. அதை அவர் பரம்பரைக்கே சேர்த்துச் சொன்னாள்.

வெளியே வந்தபோது அவள் முகமெல்லாம் சிவப்புத் தூள். ஏறி உட்கார்ந்தாள். சாவி சுப்பராயன் கையில் இருந்தது, கையை நீட்டினாள், நீட்டிய கையைப் பார்த்ததும் அவர் கொடுத்துவிட்டார். திருப்பினாள். லாரி ஒருதரம் இருமி, கருப்புப் புகையைப் பந்தலுக்குள் கக்கி, பந்தல் கம்பெல்லாம் அதிரக் கிளம்பியது. அந்த நொடியில் மில் மோட்டார் நின்றது, தையல் மிஷின் நின்றது, பூட்டிய கடைக்குள் விசிறி நின்றது, பத்திரக் கட்டோடு நின்றவர்கள் பாதி வரியில் நின்றார்கள், என் கிரைண்டர் அரைகுறை மாவோடு நின்றது. தன்னுடைய சுற்றையெல்லாம் தெருவெங்குமிருந்து வண்டி திரும்ப வாங்கிக்கொண்டது.

பந்தலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த லாரி நேராகப் போகவில்லை. பின்னால் திரும்பி அர்த்தநாரியின் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தது.

"தூக்கி ஏத்துங்கடா அவளை," என்றாள். "இந்தத் தெருவுல இனி ஒரு மணி நேரம்கூட அவ இருக்கவேண்டாம். நாளைக்கு வேணா கொண்டாந்து விடறேன். பொங்கியண்ணா, நீங்களும் ஏறுங்க, இறக்க ஆள் வேணும்."

சாந்தாமணியைத் தூக்கிக் கிளீனர் சீட்டில் சாய்த்து, துண்டால் கட்டினோம். அர்த்தநாரியும் நானும் பின்னால் பாடியில் ஏறி நின்றோம். பதினான்கு கிலோமீட்டரும் பாவாயி ஒரு குழியையும் எங்களுக்காக விலக்கி ஓட்டவில்லை. பன்னிரண்டரைக்கு மைதானத்தில் வரிசையில் சேர்ந்தோம். அதிகாரி வந்தார், சுற்றிப் பார்த்தார், இன்ஜினை நிறுத்தி மறுபடி கிளப்பச் சொன்னார். ஒரே திருப்பலில் கிளம்பியது. பெயின்ட் பிரமாதமாக அடித்திருக்கிறீர்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சீட்டு கைக்கு வந்ததும் பாவாயி சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு சாந்தாமணியைப் பார்த்தாள். அந்த வலது கை மடியில் கிடந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, கை அசையவில்லை, இனி அசையப்போவதும் இல்லை, அது அந்தக் கைக்கு உரியவளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது, தெரிந்துதான் கடைசிப் பத்து விநாடியை அவள் கட்டில் சட்டத்தில் தேய்த்தாள். பாவாயி டேஷ்போர்டிலிருந்து தன்னுடைய சீப்பை எடுத்தாள். சாந்தாமணியின் கூந்தலை அவிழ்த்து, சிக்கில் சீப்பை விட்டு வெறிகொண்டவள்போல இழுத்தாள்.

"வலிக்குதா? வலிக்கட்டும். எனக்கு எத்தனை எரியுதுன்னு உனக்குத் தெரியட்டும்."

சாந்தாமணியின் உதடு இடது பக்கம் மட்டும் மேலே போனது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. பாவாயியும் அழுதுகொண்டே திட்டிக்கொண்டே இழுத்தாள், உருண்டை உருண்டையாக முடி வந்தது. அர்த்தநாரி பாடியிலிருந்து இறங்கி வந்து கேபின் கதவுக்குக் கீழே நின்று கையை நீட்டினான்.

"குடுங்க்கா. நான் சீவிவிடறேன்."

பாவாயி சீப்பை நிறுத்தினாள். அவன் நீட்டிய கைகளை, ஆயிரம் வண்டியைச் சரிசெய்த அந்த இரண்டு கைகளையும், மாறிமாறிப் பார்த்தாள்.

"ஆறு வருஷமா இந்தத் தலை சிக்குப் புடிச்சுக் கெடக்குது," என்றாள். "அவ கை அசையட்டும், அவளே சீவிக்கட்டும்னு என்ற வண்டியக் கொன்னு போட்டுக் காத்திருந்தியே, உன்ற ரெண்டு கையும் அதுவரைக்கும் எங்கடா போச்சு?"

அவன் நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றான். என் கிரைண்டரில் அறுந்து கிடந்தது ஒரு பெல்ட், அதைப் புதிதாக மாட்ட அரை மணி நேரம்கூட ஆகாது. நான் என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.